சாளரமும் சூத்திரமும்

(கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் எழுதியது)

தொழில் செய்வோன் தன் கருவியை அறிந்திருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். தச்சன் தன் உளியைத் தானே தீட்டுகின்றான். உழவன் கலப்பையின் கொழுத் தேய்ந்துழித் தானே அதனை மாற்றுகின்றான். கொத்தன் தன் மட்டம் பிழைத்ததைத் தானே கண்டு திருத்துகின்றான். ஆயின், நம்மிற் பலர் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் கணினி என்னுங் கருவியை மாத்திரம், செய்து விற்றவர் வைத்தபடியே வைத்து, அவர் காட்டிய இடத்தையே தொட்டு, அவர் மாற்றிய போதெல்லாம் நாமும் மாறி, வினாவொன்றுமின்றிக் கையாண்டு வருகின்றோம். இந்நிலை முதியோர்க்குப் பொருந்தினும் பொருந்துக. மாணாக்கர்க்குப் பொருந்தாது என்பது எமது கருத்து. அதனை, கணினித் திரையிலே சாளரங்களை ஒன்றன்மேலொன்று படியவிடாது நிரைப்படுத்தி வைக்கும் ‘நிரைச்சாளர முகாமையாளர்’ என்னுஞ் சிறியதொரு மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த யூபிலி மலரிலே விளக்க முற்படுகின்றோம்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கவும் கூடும். தமிழாசிரியர் கணினியிற் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதும் வேலையே. நூலகம் என்னும் இணையத்தளத்திலுள்ள பழைய நூலொன்றின் பக்கத்தை ஒருபுறம் வைத்து மறுபுறத்தில் அதனைப் பெயர்த்தெழுதுகின்றோம். மதுரைத் திட்டத்தார் 1998ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் மின்பதிப்புக்களை அச்சுப் பதிப்போடு ஒப்புநோக்குகின்றோம். வினாத்தாளைத் தட்டச்சிடுங்கால் அகராதியும் பாடத்திட்டமும் அருகிருத்தல் வேண்டியுள்ளது. இவற்றுக்கெல்லாம் திரையில் இரண்டு மூன்று சாளரங்கள் ஒருங்கே தோன்றுதல் இன்றியமையாதது. ஒன்றை ஒன்று மறைக்க, மறைத்ததை விலக்க, விலக்கியதை மீட்டுந் தேட என்று கை சுட்டியை நாடிக்கொண்டேயிருப்பின், கண் வரியைத் தவறவிடும். வரி தவறின் பாடம் பிழைக்கும். ஆதலின் இப்பொருள் எமக்குப் புறம்பானதன்று.

முதற்கண் அம்முகாமையாளர் யாதென்பதைக் கூறுவாம். திரையில் ஒரு சாளரம் எங்கே நிற்றல் வேண்டும், எவ்வளவு பெரிதாதல் வேண்டும், எது முன்னிற்றல் வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் மென்பொருளே சாளர முகாமையாளர் எனப்படும். பெரும்பாலோர் அறிந்த முறை, மேசைமேற் காகிதங்களைப் பரப்புதல் போன்றது. ஒன்றன்மேலொன்று கிடக்கும், வேண்டியதை இழுத்தெடுத்தல் வேண்டும். நிரைச்சாளர முறையோ வரம்பிட்ட வயல் போன்றது. முதலிலே திறந்த சாளரம் திரை முழுவதையும் பெறும். இரண்டாவது திறந்தவுடன் திரை இரு கூறாகும். மூன்றாவது வந்தால் ஒரு கூறு மறுபடியும் பிரியும். ஒன்று மூடப்பட்டால் அதன் நிலத்தை அயற்சாளரங்கள் பகிர்ந்துகொள்ளும். பாழ்நிலமுமில்லை, எல்லைச் சண்டையுமில்லை.

இம்முறை இன்று தோன்றியதென்று கொள்ளற்க. 1981ஆம் ஆண்டில் செரொக்ஸ் நிறுவனத்தார் விற்பனைக்கு விட்ட ‘ஸ்டார்’ என்னுங் கணினியிற் சாளரங்கள் அருகருகாகவே அமைந்தன. 1985இல் வெளிவந்த விண்டோஸ் முதற் பதிப்பும் சாளரங்களை ஒன்றன்மேலொன்று படியவிடவில்லை. 1987இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பே அதற்கு இடந்தந்தது. அதன்பின் படியும் முறையே உலக வழக்காயிற்று. எனினும் யுனிக்ஸ், லினக்ஸ் முதலியவற்றைக் கையாண்டோருட் சிலர் பழைய முறையை விட்டிலர். 2000ஆம் ஆண்டில் ‘எலிப்பாஷாணம்’ எனப் பொருள்படும் பெயரோடு ‘ரற்பொய்சன்’ என்பது தோன்றிற்று. ஆங்கிலத்திற் சுட்டிக்கு எலி என்று பெயராதலின், சுட்டியை ஒழிப்பதே தன் நோக்கமென்பதை அது பெயரிலேயே சாற்றிற்று. 2006இல் ‘டி.டபிள்யூ.எம்.’, 2007இல் ‘எக்ஸ்மொனாட்’, ‘ஓசம்’ என்பன, 2009இல் ‘ஐ3’ என முறையே வந்தன. இன்று பெருவழக்கு முறைமைகளும் இவ்வழிக்கே ஓரளவு திரும்பியுள்ளன. 2021இல் வந்த விண்டோஸ் 11 சாளரங்களைக் கட்டங்களிற் பொருத்த வசதி செய்தது. மக் கணினிகளுக்கு 2024இல் வந்த ‘செக்கோயா’ பதிப்பும் அவ்வாறே செய்தது. ஒருகாற் கைவிடப்பட்டது பயனற்றதென்று துணிதல் தவறு என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி, இவற்றுட் சுருக்கமானதாகிய டி.டபிள்யூ.எம். தொழிற்படுமாற்றைக் காண்போம். அது திரையை இரு பகுதியாகக் கொள்ளும். இடப்பக்கம் தலைமைப் பகுதி, வலப்பக்கம் அடுக்கு. எழுதுகின்ற கட்டுரை தலைமைப் பகுதியில் நிற்க, அகராதியும் மூலநூலும் அடுக்கில் ஒன்றன்கீழொன்றாக நிற்கும். ஆக்கியோர் வைத்த அளவின்படி தலைமைப் பகுதிக்கு அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. ‘ஆல்ற்’ விசையை அழுத்திக்கொண்டு ‘ஜே’, ‘கே’ விசைகளைத் தட்டினால் கவனம் ஒரு சாளரத்தினின்றும் அடுத்ததற்குச் செல்லும். ‘எச்’, ‘எல்’ என்பன தலைமைப் பகுதியைக் குறுக்கவும் விரிக்கவும் உதவும். அடுக்கிலுள்ளதொன்றைத் தலைமைக்கு உயர்த்த ‘என்ரர்’ விசையொன்றே போதும். கை விசைப்பலகையை விட்டு அகலவேண்டியதில்லை. 1 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் ஒன்பது அடையாளங்களைக் குறிக்கும். வினாத்தாள் வேலை ஒன்றிலும், கடிதப் போக்குவரத்து இரண்டிலும், மலர் வேலை மூன்றிலும் இருப்பின், ஒரு தட்டில் ஒன்றை விட்டு மற்றதற்குச் செல்லலாம். ஐ3 என்பது சிறிது வேறுபட்டது. அதிலே திரையை எத்திசையிற் பிரித்தல் வேண்டும் என்பதை ஒவ்வோரிடத்தும் கையாள்பவரே சொல்லலாம். சாளரங்களை ஏட்டுக்கட்டுப் போல ஒன்றன்பின்னொன்றாக அடுக்கித் தலைப்பு மாத்திரம் தோன்ற வைத்தலுங் கூடும்.

இவ்வளவிற் கூறியது வசதி பற்றியதே. வசதிக்காக மட்டும் இதனைப் பரிந்துரைப்போமாயின் இத்துணைப் பக்கம் வேண்டியதில்லை. எமது கருத்தின் உயிர்நிலை அடுத்ததில் உள்ளது. இம்முகாமையாளர்களின் நடத்தை முழுவதும், மாணாக்கனொருவன் ஒரு மாலைப்பொழுதில் வாசித்து முடிக்கத்தக்க ஒரு கோப்பில் எழுதப்பட்டுள்ளது. ஐ3இன் அமைவுக்கோப்பு வெறும் எழுத்தாலாயது. ஒரு வரி, ஒரு விதி. இன்ன விசை தட்டப்படின் இன்னது செய்க என்பது ஒரு விதி. இன்ன பெயருடைய சாளரம் தோன்றின் இன்ன களத்திற் சேர்க்க என்பது மற்றொரு விதி. சாளரங்களுட் சில கட்டத்துள் அடங்கா. கடவுச்சொல் கேட்கும் சிறு பெட்டியைத் திரையளவு விரித்தல் நகைப்புக்கிடமாம். அத்தகையன மிதக்கட்டும் என்று ஒரு விதி எழுதலாம். டி.டபிள்யூ.எம். தன் மாதிரிக் கோப்பிலேயே, ‘கிம்ப்’ என்னும் படம் வரையும் மென்பொருளை மிதக்கவிடும் விதியொன்றை வைத்துள்ளது. பொதுவிதி கூறி, சிறப்புவிதி கூறி, இறுதியிற் புறனடை கூறும் இலக்கண நூலின் நெறியன்றோ இது? நன்னூலின் 462 சூத்திரங்களைக் கற்பிக்கும் எமக்கு இக்கோப்பை முதன்முதற் கண்டபோது அயலூரிற் சொந்தக்காரரைக் கண்டாற் போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று.

மற்றொன்றுங் கருதற்பாலது. அக்கோப்பில் ஒரு குறியீட்டோடு தொடங்கும் வரியைக் கணினி பொருட்படுத்தாது. அவ்வரி மனிதர் வாசிப்பதற்காக எழுதப்படுவது, அஃதாவது, உரை. சூத்திரமும் உரையும் ஒரே ஏட்டில் நிற்கும். எமது வகுப்பு மாணாக்கர் சிலர் விருப்பத்தோடு இதனைக் கற்க வந்தபோது, யாம் அவர்க்கிட்ட நிபந்தனை ஒன்றே. நீங்கள் மாற்றும் ஒவ்வொரு விதிக்கும் மேலே, அது யாது செய்கின்றது, ஏன் வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதுக என்றோம். அவ்வாக்கியத்தை எழுத இயலாதவன் விதியை விளங்காமற் பிறரிடமிருந்து பெயர்த்தெழுதினான் என்பது உடனே தெரிந்துவிடும். பிழையின்றி எழுதியவனோ இலக்கணத்தையும் கணினியையும் ஒருங்கே கற்றவனாவான். விதி பிழைத்தாலும் பெருங்கேடில்லை. ஐ3, கோப்பிற் பிழையுண்டு என்று திரையின் விளிம்பிற் காட்டிவிட்டுத் தன் பணியைத் தொடரும். பிழையைக் காட்டி மாணாக்கனைக் கைவிடாத ஆசிரியர்க்கு அதனை ஒப்பிடலாம்.

இனித் தமிழ் பற்றிய ஒரு செய்தியைக் கூறாது விடுதல் எமக்கு இயலாது. ‘கொ’ என்பதை நாம் தாளில் எழுதுங்கால் ஒற்றைக்கொம்பு முன்னும், ககரம் நடுவும், கால் பின்னுமாக நிற்கும். கணினியின் ஒருங்குறியிலோ ககரம் முதலிலும் ஒகர உயிர்க்குறி பின்னுமாகவே சேமிக்கப்படும். அக்குறியைப் பிரித்துக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட்டு நிறுத்துவது எழுத்தை வரையும் மென்பொருளின் கடமை. ஐ3 ‘பங்கோ’ என்னும் எழுத்து வரையும் தொகுதியைப் பயன்படுத்துவதால் தமிழ்த் தலைப்புக்கள் செவ்வனே தோன்றுகின்றன. டி.டபிள்யூ.எம். தன் சுருக்கத்தின் பொருட்டு அத்தகைய தொகுதியை ஏற்கவில்லை. ஆதலின் அதன் மேற்பட்டையிற் கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நிற்கும். சாளரத்தினுள்ளே கட்டுரை சரியாகத் தோன்றினும், மேலே தலைப்புப் பிழைத்து நிற்றல் தமிழ்க் கண்ணுக்கு முள்ளாகும். சிறுமை நன்றே, ஆயின் ஒரு மொழியின் எழுத்தை வெளியே நிறுத்திப் பெற்ற சிறுமையை முழுநலமென்று யாம் ஒப்பமாட்டோம். இதனாலேயே எம் மாணாக்கர்க்கு ஐ3ஐ முதலில் வைத்தோம்.

விசைப்பலகை பற்றியும் இவ்வாறே ஒரு சிந்தனை வேண்டும். ஐ3இல் விதியை விசையின் எழுத்தைக் கொண்டும் எழுதலாம். விசையின் எண்ணைக் கொண்டும் எழுதலாம். ஆங்கிலத்தினின்றும் தமிழுக்கு விசைப்பலகையை மாற்றுங்கால் விசையின் எழுத்து மாறும், எண் மாறாது. எனவே இருமொழியில் எழுதுவோர் எண்ணைக் கொண்டு விதி எழுதுதல் உறுதியானது. இத்தகைய நுட்பத்தை எந்தக் கடையும் நமக்குச் செய்து தாராது. தமிழில் எழுதுவோரே தம் தேவையை அறிந்து, தாமே விதி வகுத்தல் வேண்டும். கருவியின் விதி நம் கைக்கு எட்டினாலன்றி அது கூடுமா?

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களையும் எடுத்துக்கொள்வாம். இது கற்றற்கரிது என்பர் ஒரு சாரார். முதல் வாரத்தில் அரிதே. வெறுந்திரை தோன்றும், தொடுவதற்குப் படமொன்றும் இராது, விசைகளை மனனஞ் செய்தல் வேண்டும். ஆயின் நாளாந்த வேலைக்குப் பத்துப் பன்னிரண்டு விசைகளே போதும். வாய்பாட்டை மனனஞ் செய்த சிறுவனுக்கு இது பாரமன்று. சிறிய திரையில் நான்கு சாளரங்கள் கீற்றுக் கீற்றாகிவிடும் என்பதும் உண்மையே. அங்கே சாளரங்களை அடுக்கி ஒவ்வொன்றாகக் காட்டும் முறையைக் கொள்க. கைவிரல் அல்லது கண் பார்வைக் குறைவால் இம்முறை ஒவ்வாதோர்க்கு வழக்கமான முறையே தகும். அவரை வற்புறுத்தல் அறமன்று.

வேலைத்தலங்கள் இதனைக் கேட்பதில்லை என்பர் மற்றொரு சாரார். அவர் கூற்றும் மெய்யே. அலுவலகங்களிற் பெருவழக்கு முறைமையே உள்ளது. மாணாக்கர் அதனை அறிதல் வேண்டும். யாம் அதனை அகற்றுமாறு கேட்கவில்லை. ஆயின் பள்ளியின் கடன் இன்றைய அலுவலகத்தின் பொத்தான்களைக் காட்டுவதோடு முடிந்துவிடுமா? பொத்தான்கள் ஒவ்வொரு பதிப்பிலும் இடம்மாறுகின்றன. விதியை வாசித்து, மாற்றி, விளைவை நோக்கும் பழக்கம் இடம்மாறாது. லினக்ஸ் உலகில் திரையைக் கையாளும் அடித்தளம் பழைய எக்ஸ் முறையினின்றும் ‘வேலண்ட்’ என்னும் புதுமுறைக்கு மாறி வருகின்றது. அப்புதுமுறைக்கென எழுந்து 2019இல் நிலையான முதற் பதிப்பு வெளிவந்த ‘சுவே’, ஐ3இன் அமைவுக்கோப்பை ஏறக்குறைய அவ்வாறே ஏற்கின்றது. அடித்தளம் மாறியும் மாணாக்கன் எழுதிய ஏடு பயன்படுகின்றது. உயர்தர வகுப்பிற் பைதன் மொழி கற்போர்க்கு ‘கியூரைல்’ என்றொன்றுளது. அதன் அமைவுக்கோப்பு முழுவதும் பைதனிலேயே எழுதப்படுவது. பாடத்திற் கற்ற மொழியைத் தன் திரைமீதே செலுத்திப் பார்ப்பவன் அம்மொழியை எளிதில் மறவான்.

இக்கருவியைப் புகழ்வோரிடத்துள்ள குற்றங்கள் இரண்டையும் நடுநின்று கூறுவாம். ஒன்று வீண் அலங்காரம். சாளரத்தின் இடைவெளி எத்தனை புள்ளி, விளிம்பின் நிறம் யாது என்று மாதக்கணக்கிற் கோப்பைத் திருத்திக்கொண்டு, அச்சாளரத்துள் ஒரு வரியேனும் எழுதாதார் உளர். மணவறைச் சோடனையில் முகூர்த்தத்தைத் தவறவிட்டாரை இவர் ஒப்பர். மற்றொன்று செருக்கு. டி.டபிள்யூ.எம். நிரல் ஈராயிரம் வரிக்கு மேற்போகாது என்பது அதன் ஆக்கியோர் மேற்கொண்ட விரதம்; அது போற்றத்தக்கது. ஆயின் அதனை மாற்ற விரும்புவோர் நிரலையே திருத்தித் தொகுத்தல் வேண்டும் என்று வைத்ததோடு, அதனாற் புதியோர் வந்து வினவித் தொல்லை தரார் என்றும் அவர்தம் பக்கத்திற் பெருமையாகக் குறித்துள்ளனர். ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு இது உவப்பன்று. புதியோன் கேட்கும் வினா பேதைமையுடையதாயினும் அதுவே கல்வியின் வாயில். அவ்வாயிலை அடைத்து வைத்து உள்ளிருப்போர் தம்முள் மெச்சிக்கொள்வது வித்தையாகாது. எமது கல்லூரி இக்கருவியை ஏற்குமாயின் அச்செருக்கை வாயிலிலே விட்டுவிட்டு ஏற்றல் வேண்டும்.

இவையெல்லாவற்றையும் இவ்வாண்டு சொல்வதற்குத் தக்க காரணமுண்டு. விண்டோஸ் 10இற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11ஓ ‘ரி.பி.எம். 2.0’ என்னும் காப்புறுப்பையும் புதிய தலைமுறைச் செயலியையும் வேண்டி நிற்பதால், நல்ல நிலையிலுள்ள பல கணினிகள் அதனை ஏற்கமாட்டா. பள்ளிகளிற் கணினிகளைக் கழித்துப் புதியன வாங்குதல் வேண்டும் என்ற பேச்சு எழுவது இதனாலேயே. கழிக்கு முன்னர் ஒருமுறை சிந்திக்குமாறு யாம் வேண்டுகின்றோம். அக்கணினிகளில் லினக்ஸை இட்டு நிரைச்சாளர முகாமையாளரொன்றை வைத்தால் அவை இன்னும் சில ஆண்டு பணி செய்யும். எனினும் மிகைப்படக் கூறேம். இன்றைய இணைய உலாவி பெருந்தீனி தின்பது. முகாமையாளர் சிறிதாதலால் உலாவியின் பசி குறையாது. எழுதுதற்கும், நிரல் பயில்தற்கும், ஒப்புநோக்கற்கும் அவை போதும் என்பதே எமது துணிபு.

ஆகவே எமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, கல்லூரிக் கணினி அறையில் ஒரு வரிசை, ஒரு வரிசை மாத்திரம், இம்முறைக்கு ஒதுக்கப்படுக. இரண்டாவது, அவ்வரிசையிற் பயிலும் ஒவ்வொரு மாணாக்கனும் தனக்கென ஓர் அமைவுக்கோப்பைத் தமிழுரையோடு எழுதி, வகுப்பு ஏறுந்தோறும் உடன்கொண்டு செல்க. பள்ளி விட்டகலும் நாளில், தானே விதித்து தானே விளங்கிய ஓர் ஏடு அவன் கையில் இருக்கும். மூன்றாவது பழைய மாணவர்க்குரியது. நீவிர் இக்கல்லூரிக்குக் கணினி வாங்கித் தருகின்றீர், நன்றியுடையோம். உம்முள் இத்துறையிலே தொழில் புரிவோர் பலர். தவணைக்கொரு சனிக்கிழமை வந்து அவ்வரிசையில் ஒரு மாணாக்கன் பக்கத்தில் அமர்ந்து, அவன் எழுதிய விதிகளை வாசித்து, ஏன் என்று ஒரு வினா வினவிச் செல்வீராயின், அது பணத்தினும் பெரிய கொடையாகும்.

கொடுத்ததைக் கொடுத்தபடியே கையாளுங் கூட்டத்தை உருவாக்குதல் எளிது. அதற்குக் கல்லூரி வேண்டியதில்லை, கடை போதும். கையிலுள்ள கருவியின் விதி யாது, அதனை யார் வகுத்தார், எமக்கேற்ப மாற்றலாமோ என்று வினவுவோரை உருவாக்குதற்கே நம் முன்னோர் இக்கல்லூரியை நிறுவினர். அவ்வினா இலக்கணத்தில் எழுந்தாலென்ன, கணினித் திரையில் எழுந்தாலென்ன? எழுதல் வேண்டும் என்பதே வேண்டுவது. அது எழும் வகுப்புக்கள் இங்கே பெருகுக! கல்லூரி நீடு வாழ்க!